பாரிஸ்டா (கடையில் காபி தயாரிப்பவர்) பயிற்சி: தம்பியை எதில் சேர்ப்பது?

வணக்கம். என் தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டு கோவையில் ஒரு காபி கடையில் வேலை பார்க்கிறான், எஸ்பிரெசோ மெஷின் முன்னால் நின்றால் வீட்டுக்கு வரவே மனசில்லாத அளவுக்கு ஆர்வம், அதனால் முறையாகப் படிக்க வைக்கலாம் என்று பார்க்கிறோம். பெங்களூரில் காபி போர்டு நடத்தும் காப்பி சாஸ்திரா இருக்கிறது, ஆனால் அது வறுப்பது, தயாரிப்பது என்று காபியை மொத்தமாகச் சொல்லித்தரும் குறுகிய காலப் பயிற்சி. இன்னொன்று எஸ்சிஏ (ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் என்ற சர்வதேச காபி அமைப்பு) தரும் சான்றிதழ். அதில் பாரிஸ்டா ஸ்கில்ஸ் என்றே தனிப் பிரிவு, ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், புரொஃபஷனல் என 3 நிலைகள், அரைப்பைச் சரிசெய்வது, பால் நுரைப்பது எல்லாம் வரும். அவனுக்கு துபாய் போகிற எண்ணம் இருப்பதால் இதுதான் சரி என்று எனக்குப் படுகிறது, கட்டணம்தான் யோசிக்க வைக்கிறது.

முடித்தவர்கள் சொல்லுங்கள். ஏற்கெனவே கடையில் வேலை செய்கிறவன் ஃபவுண்டேஷனை விட்டுவிட்டு நேராக இன்டர்மீடியட் போகலாமா? வேலைக்கு எடுக்கும்போது சான்றிதழைப் பார்க்கிறார்களா, இல்லை ஒரு கப் போடச் சொல்லித்தான் பார்க்கிறார்களா? அப்புறம், தமிழில் விளக்கும் பயிற்சியாளர் சென்னையிலோ கோவையிலோ இருந்தால் அவசியம் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வு என்றாலே தயங்குகிறான்.