‘கஸ்ட்’ என்பதற்குத் தமிழில் என்ன? காற்றுப் பலகைக்கு வெள்ளிக்குள் வேண்டும்

புதுச்சேரி, திங்கள் காலை

கலைச்சொல் பட்டியல் தொகுக்கும் அனைவருக்கும் வணக்கம்.

பாய்ப்பலகை (விண்ட்சர்ஃபிங்) பழகுகிறவர்களுக்காகக் கடற்கரையில், அன்றைய காற்றின் முன்கணிப்பை எழுதும் தினசரி காற்றுப் பலகை ஒன்று வைக்கப் போகிறோம். நான்கு கட்டங்கள்: திசை, சராசரி வேகம், கஸ்ட், அலை உயரம். வெள்ளிக்கிழமை பெயின்டர் வருகிறார். மூன்றாவது கட்டத்துக்கு மட்டும் சொல் அகப்படவில்லை.

இரண்டாவது, மூன்றாவது கட்டங்களில் சேர்ந்தாற்போல் ‘14 / 21’ என்று இருக்கும். 14 நாட் (knot; ஒரு நாட் மணிக்கு 1.852 கிலோமீட்டர்) என்பது பத்து நிமிடச் சராசரி. 21 என்பது அந்தப் பொழுதுக்குள் சில நொடி மட்டும் ஏறி இறங்கும் உச்சம்; அதுதான் கஸ்ட் (gust). உலக வானிலை அமைப்பின் கணக்கில் மூன்று நொடி. பாயில் விழும் விசை வேகத்தின் இருமடியாகக் கூடும். எனவே 14 போய் 21 வந்தால் வேகம் ஒன்றரை மடங்கு, விசையோ இரண்டேகால் மடங்கு. 75 கிலோ எடையுள்ள ஒருவர் முதல் எண்ணை மட்டும் பார்த்து 6.5 சதுர மீட்டர் பாய் கட்டிப் போனால், அந்த மூன்று நொடியில் கைப்பிடிக் கம்போடு முன்னால் தூக்கி வீசப்படுவார். 5.5 கட்டினால் நடுநடுவே இழுவை குறையும், ஆனால் கை ஓயாமல் ஓட்டலாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு முதல் எண் 8 ஆக இருந்தாலும் இரண்டாவது எண் 12ஐத் தாண்டினால் அன்று வகுப்பு கரையில்தான்.

ஆகவே கட்டத்தின் பெயரைப் படித்ததுமே ‘கொஞ்ச நேரம்தான், ஆனால் கட்டாயம் வரும்’ என்று உறைக்க வேண்டும். ‘வன்காற்று’ என்று ஒருவர் சொன்னார். பொருந்துமா?

சிதம்பரம், திங்கள் மாலை

> ‘வன்காற்று’ என்று ஒருவர் சொன்னார்

பொருந்தாது ஐயா. அது பண்புத்தொகை. நாள் முழுவதும் ஒரே சீராக 25 நாட் வீசினாலும் அது வன்காற்றுதான். நீங்கள் கேட்பது தன்மையை அன்று, நிகழ்ச்சியை. நிகழ்ச்சிக்கு வினைதான் அடியாக நிற்க வேண்டும். என் பரிந்துரை ‘அடிகாற்று’. அடித்த காற்று, அடிக்கிற காற்று, அடிக்கும் காற்று என முக்காலமும் அடங்கிய வினைத்தொகை. முன்கணிப்புக்கு இதைவிடப் பொருத்தமான தொகை எது? ஊறுகாய், சுடுகாடு போல இங்கும் வலி மிகாது. ‘க்’ போட்டுவிடாதீர்கள்.

விருத்தாசலம், செவ்வாய் காலை

முதலில் மற்றக் கட்டங்களைப் பார்ப்போம். ‘சராசரி’ உருது வழி வந்தது. நிரவல் என்றிருக்கலாம். ‘வேகம்’ வடசொல். விரைவு இருக்கிறது. இவற்றை விட்டுவிட்டு ஒரு சொல்லுக்கு மட்டும் தமிழ் தேடுவது எனக்கு நிறைவளிக்கவில்லை.

காற்றைப் பற்றி நம்மிடம் சொல் பஞ்சமில்லை. வடக்கிருந்து வாடை, தெற்கிருந்து தென்றல், கிழக்கிருந்து கொண்டல், மேற்கிருந்து கோடை. ‘நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி, வளிதொழில் ஆண்ட உரவோன் மருக’ என்று வெண்ணிக் குயத்தியார் கரிகாலனைப் பாடுகிறார் (புறம் 66). வளியைத் தொழில் கொண்டவன் என்றால் இன்றைய பாய்ப்பலகைக்காரன்தானே? முன்கணிப்புக்கும் சான்று உண்டு. ‘வளி திரிதரு திசையும்’ முதலானவற்றைச் சென்று அளந்தறிந்தவர் போலச் சொல்வோரைப் புறம் 30 குறிப்பிடுகிறது. எனவே ‘கடுவளி’. சங்க வழக்கு, நான்கே எழுத்து.

இன்னொன்று. ‘கால்’ என்றாலே காற்று. காலுதல் என்றால் வெளிவிடுதல். மலையும் கடலும் காலுவதால் கால், அதனோடு ‘து’ சேர்ந்து காற்று என்பது என் துணிபு. அப்படியானால் ‘கடுங்கால்’ என்றும் ஆக்கலாம்.

நெய்வேலி, செவ்வாய் இரவு

ஐயா, இயற்பியல் வகுப்பிலிருந்து சில சொற்கள்.

‘வளி’ மாணவர்களுக்கு வளிமண்டலத்தில் மட்டும்தான் அறிமுகம். ஈழப் பாடநூலில் அது வீசாமல் நிற்கும் காற்றையும் குறிக்கும். ‘கடுங்கால்’ என்று எழுதினால் கரையில் நிற்கும் பத்து வயதுப் பிள்ளை உறுப்பைத்தான் நினைக்கும்.

‘அடிகாற்று’ இலக்கணப்படி சரி, கடற்கரையில் சரிவராது. பெயின்டர் தன் பழக்கத்தில் ‘அடிக்காற்று’ என்றுதான் எழுதுவார். ஒற்று சேர்ந்தால் ‘அடியில் ஓடும் காற்று’ என்றாகிவிடும். அது வெறும் எழுத்துப் பிழையோடு போகாது: காற்று தரையை ஒட்டிக் குறைவாகவும் உயரே கூடுதலாகவும் வீசும் என்று இதே வகுப்பில் சொல்லித் தருகிறோம். பலகையில் ‘அடிக்காற்று 21’ என்றிருந்தால் பாயின் அடிப்பக்கம் 21 என்று பொருள் கொள்ள இடமுண்டு.

‘சூறை’ (squall) என்று யாராவது சொல்லும் முன் அதையும் விலக்கிவிடுகிறேன். வேகம் திடீரென 16 நாட்டாவது கூடி, 22ஐத் தொட்டு, ஒரு நிமிடமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். நமக்கு வேண்டியது நொடிக் கணக்கு.

இங்கே இரண்டு பொருள் கலந்திருப்பதாக எனக்குப் படுகிறது. நீர்ப்பரப்பில் கருந்திட்டாகச் சிற்றலை சிலிர்த்துக்கொண்டு நம்மை நோக்கி வருகிறதே, அது நிகழ்ச்சி. பலகையில் எழுதும் 21 என்பது அளவு. நிகழ்ச்சிக்கு அடிகாற்று இருக்கட்டும். அளவுக்கு ‘உச்ச வீச்சு’ போதும். ‘வீச்சு’ எங்கள் பாடத்தில் அலைவின் பெரும இடப்பெயர்ச்சி. சராசரியிலிருந்து எவ்வளவு ஏறுகிறது என்ற எண்ணத்துக்கு அது பகையில்லை.

தேவனாம்பட்டினம், புதன் காலை

சார், அம்மா, எல்லாருக்கும் வணக்கம். கரைப்பக்கத்திலிருந்து சொல்றேன்.

‘காத்து அடிக்குது’ன்னு நாங்க எல்லாக் காத்துக்கும்தான் சொல்றோம், மெல்ல வீசுனாக்கூட. அதனால அடிகாற்றுன்னு பார்த்தா யாருக்கும் புதுசா ஒண்ணும் தோணாது.

வானிலை அறிவிப்புல தினமும் என்ன வருது? ‘சூறாவளிக்காற்று மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்.’ அந்த ‘இடையிடையே’தான் நீங்க தேடுற சொல். கிலோமீட்டரை 1.852ஆல வகுத்தா 19 முதல் 24 நாட், இடையிடையே 30 நாட். குப்பத்துல சின்னப் பையனுக்கும் இது பாடம். இடையிடையே 55ன்னா கட்டுமரம் இறக்க மாட்டாங்க. இருக்கிறதை எடுத்துக்காம புதுசா எதுக்கு?

கடலூர் துறைமுகத்துல ‘1ஆம் எண் கூண்டு’ ஏத்தியாச்சுன்னா யாரும் அகராதி பார்க்கறதில்லை. திடீர்னு கரை ஏறுற அலைக்குக் கள்ளக்கடல்னு கேரளக் கரைக்காரங்க சொன்ன சொல்லை 2012ல யுனெஸ்கோவே ஏத்துக்கிச்சு. ஐதராபாத்துல இருக்கிற கடல் தகவல் மையம் இன்கொய்ஸ் (INCOIS) விடுற எச்சரிக்கையிலயும் அதே பேர்தான் வருது. கடலில் இருக்கிறவன் வாய்ச்சொல் ஆய்வுக்கூடம் வரை போகும்.

சொல்லைவிட முக்கியமா ஒண்ணு. அறிவிப்புல ‘பலத்த தரைக்காற்று’ன்னு வருதே, அது தரைமட்டத்துல வீசுற காத்து. நிறைய பேர் கரையிலிருந்து கடலுக்குப் போற காத்துன்னு எடுத்துக்கறாங்க. நம்ம கரை கிழக்கே பார்த்தது. மேல்காத்து அடிச்சா கரையோரம் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும், பார்க்க ஆசையா இருக்கும். அரை மைல் போனா திரும்ப முடியாது. அதோட மரம், கட்டடம் எல்லாத்துலயும் முட்டித் துண்டு துண்டா வரதால, நீங்க சொல்ற ரெண்டாவது எண் மேல்காத்துலதான் ரொம்பத் துள்ளும். திசைக் கட்டத்துல வெறும் ‘மேற்கு’ன்னு போடாதீங்க. ‘மேற்கு, கடலுக்குத் தள்ளும்’னு போடுங்க.

சிதம்பரம், புதன் மாலை

தேவனாம்பட்டினத்து நண்பர் சொன்ன கடைசிச் செய்தியைத் திசைக் கட்டத்தில் அப்படியே சேர்க்க வேண்டும். ‘தள்ளும்’ என்ற ஒரு வினைமுற்று போதும், வேறு சொல்லாக்கம் வேண்டாம்.

‘இடையிடையே’ வினையடை. ஏகாரம் ஏறிய அடுக்கு. கட்டத் தலைப்பாகப் பெயர்ச்சொல்தான் நிற்க வேண்டும். திசை, வேகம், உயரம் என்ற பெயர்களுக்கு நடுவே ஒரு வினையடை உட்கார்ந்தால் இசையாது. அதிலிருந்தே பெயர் ஆக்கலாம்: ‘இடைவீச்சு’. நெய்வேலி அம்மையாரின் வீச்சும் இதில் இருக்கிறது, கரையின் இடையிடையேயும் இருக்கிறது. காற்று தாழும் நேரத்துக்கு ‘இடைத்தணிவு’ என்று இணையும் கிடைக்கும்.

நெய்வேலி, புதன் இரவு

‘இடைவீச்சு’ என்றால் இடைப்பட்ட வீச்சு, அதாவது நடுத்தர அளவு என்று மாணவர் படிக்க மாட்டார்களா? இடைநிலை, இடைமதிப்பு எல்லாம் நடுவைத்தானே குறிக்கின்றன. உச்சத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் நடு என்று படித்தால் ஆபத்து. ‘உச்ச’ என்ற முன்னொட்டை விடக்கூடாது என்பது என் கருத்து.

விருத்தாசலம், வியாழன் காலை

‘உச்சம்’ வடசொல். முகடு இருக்கிறது.

புதுச்சேரி, வியாழன் மாலை

இந்தக் கட்டத்தை நாங்கள் எப்படி நிரப்புகிறோம் என்று சொன்னால் சொல்லுக்கு எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பது தெளிவாகும்.

காலை 6 மணிக்குப் பலகை எழுத வேண்டும். விண்டுகுரு, விண்டி என்ற இரண்டு காற்று முன்கணிப்புத் தளங்களிலும் பார்க்கும் ஜிஎஃப்எஸ் (GFS) என்ற அமெரிக்க வானிலைக் கணினி மாதிரி ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது. நம் நேரப்படி 5.30, 11.30, 17.30, 23.30. கணக்கு வெளிவர நான்கைந்து மணி நேரம் ஆகும் என்பதால் காலையில் கைக்கு வருவது முந்தைய இரவு 23.30 ஓட்டம். நிலத்தையும் கடலையும் அது கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகிறது; ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். நம் கரையில் அதில் பாதி தரை, பாதி கடல். அதனால் பிற்பகல் கடற்காற்றை அது குறைத்துக் காட்டுவது வழக்கம். ஐரோப்பிய மாதிரியின் கட்டம் சுமார் 9 கிலோமீட்டர். இரண்டும் ஒத்துப்போனால் எண்ணை எழுதுகிறோம், விலகினால் பெரிய எண்ணை எழுதுகிறோம்.

ஆனி, ஆடியில் மேல்காற்று தூக்கலான நாளில் கடற்காற்று பிற்பகல் இரண்டு, மூன்று மணி வரை தள்ளிப்போகும். சில நாள் வராமலே போகும். அதனால் பலகையில் காலைக்கு ஒரு வரி, மாலைக்கு ஒரு வரி. கையில் பிடிக்கும் காற்றளவியால் சரிபார்க்கிறவர்கள் பத்து நிமிடம் விடாமல் பிடித்து உச்சத்தைக் குறிக்க வேண்டும். ஆள் உயரத்தில் பிடிப்பதால் முன்கணிப்பின் 10 மீட்டர் உயரக் கணக்கைவிட எண் குறைவாகத்தான் வரும். முன்கணிப்பு தவறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இரண்டாவது எண்ணுக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. ஆவணி, புரட்டாசி மாலைகளில் மேற்கே கறுத்து இடிமேகம் வரும்போது மேகத்திலிருந்து கொட்டும் குளிர்காற்று எந்த மாதிரியின் எண்ணையும் மீறும். மேற்கே கறுத்து, வீசிய காற்று சட்டென்று நின்று, உடம்பில் குளிர் பட்டால் பாயை இறக்கிக் கரையேற வேண்டும். இதைப் பலகையின் அடியில் சிவப்பில் எழுதுகிறோம்.

ஆகவே நாளை பெயின்டரிடம் தருவது இதுதான். இரண்டு கட்டங்களையும் ஒன்றாக்கி, ‘காற்று: ___ நாட், இடையிடையே ___ நாட்’. தலைப்பு இல்லாத ஒரே வாக்கியம் என்பதால் வினையடைக்கு இடம் கிடைத்துவிட்டது. கலைச்சொல் பட்டியலில் ‘இடைவீச்சு’ என்று போட்டு, விளக்கத்தில் ‘உச்ச அளவு’ என்று சேர்க்கிறேன். இதற்கு ஐந்து பேர் ஒப்புதல் தந்திருக்கிறார்கள். நெய்வேலி அம்மையார் மறுப்பு தெரிவித்திருக்கிறார்கள், அதையும் பதிகிறேன்.

சிதம்பரம், வியாழன் இரவு

ஒப்புகிறேன். ஆனால் நீரில் ஓடிவரும் அந்தக் கருந்திட்டைப் பயிற்றுநர் கூவிச் சொல்லும்போது ‘இடைவீச்சு!’ என்றா கத்துவார்? அதற்கு அடிகாற்றைப் பட்டியலில் தனி வரியாக வையுங்கள்.

தேவனாம்பட்டினம், வியாழன் இரவு

‘காத்து வருது, பாயை விடு’ன்னு கத்துவாரு சார்.

விருத்தாசலம், வெள்ளி காலை

கடுவளியை நான் கைவிடவில்லை. அடுத்த மாதம் பட்டியல் அச்சுக்குப் போகும் முன் மீண்டும் எடுப்பேன். ‘நாட்’ இன்னும் அப்படியே இருக்கிறது. கப்பலிலிருந்து விடும் கயிற்றில் முடிச்சுகளை எண்ணிக் கண்ட அளவு அது. ‘முடிச்சு’ என்று எழுதுவதில் யாருக்கு என்ன தடை?

நெய்வேலி, வெள்ளி காலை

பெயின்டர் 10 மணிக்கு வருகிறார் ஐயா. இன்று நாட் இருக்கட்டும்.