பெர்கன் (நார்வே) நகரை நடந்தே சுற்ற எந்த வழி நல்லது?

கேள்வி:
அக்டோபர் இரண்டாம் வாரம் பெர்கனில் இரண்டு நாள் தங்குகிறோம். வண்டி எடுக்காமல் நடந்தே பார்க்க ஆசை. கூட வரும் அம்மாவுக்கு 66 வயது. சமதரையில் நன்றாக நடப்பார், படி இறங்கினால் முழங்கால் வலிக்கும். எங்கே தொடங்கலாம்? மழைக்கு என்ன எடுத்து வரணும்?

பதில் 1:
தூரம் பிரச்சினையே இல்லைங்க. துறைமுகத்து மீன் சந்தையிலிருந்து நோர்ட்னெஸ் முனை வரைக்கும் சாவகாசமாக நடந்தாலே அரை மணி நேரம்தான். சிரமமெல்லாம் ஏற்ற இறக்கமும், நனைந்த கல் பாவிய தெருக்களும்தான்.

முதல் நாள் காலை 9 மணிக்குள் பிரிக்கன் மரவீடுகளுக்குப் போய்விடுங்கள். உல்லாசக் கப்பல்கள் பக்கத்திலேயே வந்து நிற்பதால் அதன்பிறகு நெரிசல். முகப்பைப் படம் பிடித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வீடுகளுக்கு நடுவே பலகை பாவிய சந்துகள் உள்ளே போகின்றன, அங்கேதான் பழைய வணிகர்களின் கிடங்குகளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மாடி நடைபாதைகளும். 1702 தீயில் எரிந்தபின் பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டியவை இவை. 1979 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளன. ஈரப்பலகை வழுக்கும், அம்மா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னாலேயே 12ஆம் நூற்றாண்டு மரியா தேவாலயம். அங்கிருந்து கரையோரமாகவே போனால் பெர்கன்ஹூஸ் கோட்டை, அதற்குள் 1261இல் கட்டிமுடித்த, மன்னர் ஹோகோனின் மண்டபம்.

மறுநாள் ஃப்ளோயன் மலை. கம்பிவடம் இழுக்கும் ரயில் 320 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகும். 'ரயிலில் ஏறி, நடந்து இறங்கு' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். முழங்கால் வலிக்கு அது நேர்மாறான யோசனை, இறக்கத்தில்தான் மூட்டில் பாரம் அதிகம். அம்மா ரயிலிலேயே இறங்கட்டும். வழியில் ஃபியெல்வையன் என்றொரு நிறுத்தம் உண்டு. அங்கே மலைச்சரிவை ஒட்டி ஏறக்குறைய சமமாக ஒரு சாலை போகிறது, ஊரும் துறைமுகமும் கீழே தெரியும். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, கேட்டுவிட்டு ஏறுங்கள்.

பதில் 2:
குடையை நம்பாதேங்கோ, காத்து திருப்பிப் போடும். தொப்பியோட மழைச்சட்டை, மேலால போடுற மழைக்காற்சட்டை ரெண்டும் கட்டாயம் வேணும். மேற்குக் கடலால வாற ஈரக்காத்து ஊரைச் சுற்றியிருக்கிற மலையில மோதி மேல எழும்பிக் குளிர்றதாலதான் இந்த மழை. வருசத்துக்கு 2,000 மி.மீ.க்கு மேல. ஜீன்ஸ் வேண்டாம், ஒருக்கா நனைஞ்சா அண்டைக்குக் காயாது. உள்ளுக்குக் கம்பளி உடுப்பு போடுங்கோ, ஈரமானாலும் சூடு நிக்கும். சப்பாத்துக்கு அடி மென்மையான ரப்பராயும் ஆழமாக் கோடு வெட்டினதாயும் இருக்கவேணும், தேய்ஞ்ச அடி கல்லுத் தெருவில சறுக்கும். மாத்திப்போட ரெண்டு சோடிக் காலுறையைப் பிளாஸ்டிக் பையில சுத்தி வையுங்கோ. தண்ணிப் போத்தல் காசு குடுத்து வாங்கத் தேவையில்லை, குழாய்த் தண்ணி நல்லது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஸ்டோல்ட்ஸெக்ளைவன் என்கிற மலையேறும் கல்படிகளில் நான் மட்டும் ஏறலாமா?

பதில் 1:
தாராளமாக. நேபாள ஷெர்பாக்கள் அடுக்கிய படிகள், 800க்கு மேல். ஆனால் அதிலேயே இறங்க வேண்டாம். செங்குத்து, ஈரத்தில் ஆபத்து, ஏறி வருபவர்களுக்கும் இடைஞ்சல். உச்சியிலிருந்து மலைமேலேயே ஃப்ளோயன் பக்கம் நடந்து வாருங்கள். அம்மா ரயிலில் வந்து அங்கே காத்திருக்கட்டும், இருவரும் ரயிலிலேயே சேர்ந்து இறங்கலாம். மேலே மூடுபனி இறங்கியிருந்தால் அன்றைக்கு விட்டுவிட்டு நோர்ட்னெஸ் சந்துகளுக்குப் போங்கள்.