பிரதமரே வெளியேறிய பின்னும் ஓர் அரசு பன்னிரண்டு ஆண்டுகள் நிலைத்தது எவ்வாறு?

கேள்வி: புதுக்குடியிருப்பு வாசகன்

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் நாங்கள் சிலர் அவ்வப்போது கூடி உலக அரசியல் பேசுவதுண்டு. சென்ற முறை கூடியபோது நண்பர் ஒருவர், அடக்குமுறை அரசொன்றின் அமைச்சர்களும் தூதுவர்களும் ஒருவர் பின் ஒருவராக விலகத் தொடங்கிவிட்டால் அந்த அரசின் கதை முடிந்தது என்று அடித்துச் சொன்னார். அவர் எடுத்துக்காட்டியது லிபியாவை. 2011 பெப்ரவரி 21 அன்று நீதி அமைச்சர் முஸ்தபா அப்துல் ஜலீல் பதவியைத் துறந்தார். மறுநாள் உள்நாட்டு அமைச்சர் அப்துல் பத்தா யூனிஸ் கிளர்ச்சியாளர் பக்கம் சேர்ந்தார். மார்ச் 30 அன்று வெளிவிவகார அமைச்சர் மூசா கூசா பிரித்தானியாவில் போய் இறங்கினார். ஒக்டோபர் 20 அன்று கடாபி கொல்லப்பட்டார்.

நான் சிரியாவைச் சொல்லி மறுத்தேன். அங்கே 2012 ஓகஸ்ட்டில் பிரதமர் ரியாத் ஹிஜாபே குடும்பத்தோடு ஜோர்தானுக்குத் தப்பிச் சென்றார். ஆனால் பஷார் அல் அசாத்தின் ஆட்சி 2024 டிசெம்பர் 8 வரை நீடித்தது. ஓரிடத்தில் எட்டு மாதம், மற்றோரிடத்தில் பன்னிரண்டு ஆண்டுகள். இந்த வேறுபாட்டுக்கு வெளிநாட்டுப் படைகள் மட்டுந்தான் காரணமா, அல்லது விலகிய மனிதர்களிலேயே வேறுபாடு இருந்ததா என்பதை விடயமறிந்தவர்கள் விளக்கினால் நன்று.

பதில்: மாங்குளம் ஆசிரியர்

தம்பி, இரண்டுமே காரணம். ஆனால் பலரும் முதலாவதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வதால் நான் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். விலகிப் போகிறவர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தார் என்பதைவிட, போகும்போது எதைத் தன்னோடு கொண்டு போனார் என்று பார்க்கவேண்டும்.

யூனிஸ் வெறும் அமைச்சர் அல்லர். 1969 இல் கடாபி ஆட்சியைக் கைப்பற்றிய நாளிலிருந்தே உடன் நின்ற படைத்தளபதி. பெங்காசியில் இருந்த சிறப்புப் படையினர் அவருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். அவர் பக்கம் மாறியபோது ஒரு நகரமும் அதைக் காக்கக்கூடிய படையும் சேர்ந்து மாறின. அப்துல் ஜலீல் போய்ச் சேருவதற்கு நாட்டுக்குள்ளேயே இடமிருந்தது. அங்கிருந்துகொண்டே அவர் கிளர்ச்சியாளரின் இடைக்காலப் பேரவையின் தலைவரானார். ஐக்கிய நாடுகள் சபையில் லிபியத் தூதுவராக இருந்த அப்துர் ரஹ்மான் ஷல்கம், கடாபியின் பழைய நண்பர், பெப்ரவரி 25 அன்று பாதுகாப்புச் சபையில் எழுந்து தன் நாட்டைக் காப்பாற்றுமாறு மன்றாடினார். மறுநாளே தடைகளை விதிக்கும் 1970 ஆம் இலக்கத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஓர் அரசின் சொந்தத் தூதுவரே அந்த அரசுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்போது அதற்காக வாதாட எவருக்கும் வாய் வராது.

இனி ஹிஜாபைப் பாருங்கள். அவர் பிரதமராக நியமிக்கப்பட்டது 2012 ஜூனில். இரண்டு மாதத்தில் போய்விட்டார். சிரியாவில் பிரதமர் பதவி பாணும் எரிபொருளும் பார்க்கிற நிர்வாகப் பதவிதான். துப்பாக்கியும் உளவுத்துறையும் அசாத் குடும்பத்தின் கையில் இருந்தன. நான்காவது கவசப் படைப்பிரிவு ஜனாதிபதியின் தம்பி மாஹிரின் பிடியில் இருந்தது. ஹிஜாப் ஒரு படையணியையும் கொண்டு போகவில்லை, கொண்டு போக அவரிடம் இருக்கவுமில்லை. அதற்கு முந்திய மாதம் வெளியேறிய மனாப் த்லாஸ் குடியரசுக் காவற்படையின் பிரிகேடியர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவரின் மகன். அவரும் பாரிஸுக்குத் தனியாகத்தான் போனார். அதே ஜூலை 18 இல் டமாஸ்கஸில் வெடித்த குண்டுக்குப் பாதுகாப்பு அமைச்சரும் ஜனாதிபதியின் மைத்துனரும் பலியானார்கள். அப்போதும் அந்தக் கட்டமைப்பு கலையவில்லை. அதைக் கட்டி வைத்திருந்தது பதவி அன்று, இரத்த உறவும், ஆட்சி போனால் தம் அலவிச் சிறுபான்மைச் சமூகத்துக்கே உயிர் மிஞ்சாது என்ற அச்சமும்.

வெளிநாட்டுப் படை என்ற காரணத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2011 மார்ச் 19 இல் மேற்கு நாடுகளின் விமானத் தாக்குதல் தொடங்கியிராவிட்டால் யூனிஸின் படை பெங்காசியைக் காத்திருக்குமா என்பது சந்தேகமே. சிரியாவில் ஈரானும் ஹிஸ்புல்லாவும், 2015 செப்டெம்பர் 30 முதல் ரஷ்ய விமானங்களும் அசாத்தின் பக்கம் நின்றன.

பதில்: பழைய கச்சேரிக்காரன்

ஆசிரியர் ஐயா மேலே நின்று பார்த்து எழுதியிருக்கிறார். நான் மேசைக்குப் பின்னால் இருந்து ஒன்று சொல்கிறேன்.

போர்க்காலத்தில் வன்னியில் கச்சேரியில், அதாவது அரச அலுவலகத்தில், வேலை பார்த்தவர்களுக்கு இரண்டு அதிகாரங்களுக்கு நடுவே பிழைக்கும் வித்தை தெரியும். சம்பளமும் சுற்றறிக்கையும் கொழும்பிலிருந்து வந்தன; வெளியே வீதியும் காவல்துறையும் நீதிமன்றமும் புலிகளிடம் இருந்தன. என் மேசையில் இரு தரப்புக் கடிதங்களும் ஒரே கோவையில் அடுத்தடுத்துக் கிடக்கும். பதில் எழுதும்போது இதை வாசிக்கப்போகிறவர்கள் இரண்டு பேர் என்று நினைத்தே ஒவ்வொரு சொல்லையும் போடுவோம். நகல்கள் எவருக்குப் போகின்றன என்ற கடைசி வரியை எழுதத்தான் அதிக நேரம் எடுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் எவரும் பகிரங்கமாகப் பக்கம் மாறுவதில்லை. சுகவீன லீவு போடுவார்கள், கோவையை ஆறப்போடுவார்கள், பிள்ளைகளை முதலில் வேறிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே பெரிய பெயர்களை எண்ணிக் கணக்குப் போடுவதே தவறான வழி என்று நினைக்கிறேன். 2024 இல் சிரியாவில் எந்த அமைச்சர் விலகினார்? நவம்பர் 27 இல் கிளர்ச்சியாளர் அலெப்போவை நோக்கிப் புறப்பட்டார்கள். டிசெம்பர் 4 இல் அசாத் தன் நிரந்தரப் படையினருக்கு ஐம்பது வீதச் சம்பள உயர்வு அறிவித்தார். நான்கே நாளில் அந்தப் படையினர் சீருடையைக் கழற்றித் தெருவோரம் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். இரவோடிரவாக மொஸ்கோவுக்குப் பறந்தவர் ஜனாதிபதி. வீட்டைவிட்டுப் போகமாட்டேன், நிர்வாகத்தைக் கையளிக்கத் தயார் என்று டமாஸ்கஸிலேயே இருந்தவர் பிரதமர் ஜலாலி. 2012 இல் பிரதமர் போனார், ஆட்சி நின்றது. 2024 இல் பிரதமர் நின்றார், ஆட்சி போனது.

பதில்: முள்ளியவளை வாசகி

ஐயாமார் இருவரும் ஆட்சி விழுந்ததா என்பதை மட்டுமே அளக்கிறீர்கள். விலகி வந்தவர் அதுவரை செய்தவற்றுக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வி இந்த மண்ணில் இருப்பவர்களுக்குத் தூரத்துக் கேள்வி அல்ல. மூசா கூசா அமைச்சராவதற்கு முன் பல ஆண்டுகள் லிபிய உளவுத்துறையின் தலைவர். அவர் பிரித்தானியாவில் இறங்கிய மறுவாரமே, ஏப்ரல் 4 அன்று, அமெரிக்கா அவர் மீதான பொருளாதாரத் தடையை நீக்கியது; மற்றவர்களும் இதைப் பார்த்து வெளியேறட்டும் என்பதே அதன் நோக்கம். 1988 இல் ஸ்கொட்லாந்தின் லொக்கர்பிக்கு மேலே நடந்த விமானக் குண்டுவெடிப்புத் தொடர்பாக ஸ்கொட்லாந்துப் பொலிஸார் அவரிடம் பேசினார்கள். அதே மாதம் அவர் கட்டாருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அரசியல் உத்தியாக அது சரியாக இருக்கலாம். சிறையில் காணாமற்போனவரின் தாய்க்கு அதில் என்ன கிடைத்தது?

இதற்கு மாறாக, சிரிய இராணுவப் பொலிஸில் பிணங்களைப் படமெடுக்கும் வேலையில் இருந்த ஒருவர் 2013 இல் வெளியேறினார். உலகம் அவரைச் சீசர் என்ற புனைபெயரால் அறிந்தது. பெரிய பதவி எதுவுமில்லை, செய்தியாளர் மாநாடும் இல்லை. அவர் கடத்திக் கொண்டுவந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில், காவலில் இறந்த குறைந்தது 6,786 பேரின் உடல்களை மனித உரிமைகள் கண்காணிப்பகம் இனங்கண்டது. உடலுக்கு உடல் இலக்கம் எழுதப்பட்டிருந்தது. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் பல குடும்பங்கள் தங்கள் பிள்ளையின் முகத்தை அடையாளம் கண்டன. கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 முதல், காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடி அமர்ந்த அம்மாக்கள் கேட்பதும் அப்படியொரு பதிவேட்டைத்தான். உள்ளேயிருந்து ஓர் அமைச்சர் வருவதைவிட ஒரு பெயர்ப்பட்டியல் வருவது மேல் என்பது என் கருத்து.

பதில்: நெடுங்கேணி விவசாயி

நம் நாட்டையே மறந்துவிட்டீர்களே. 2014 நவம்பரில், முதல் நாள் இரவு ஜனாதிபதி மகிந்தவோடு முட்டையப்பம் சாப்பிட்டுவிட்டு மறுநாள் எதிரணியின் பொது வேட்பாளராக வந்து நின்ற சுகாதார அமைச்சர் மைத்திரிபால சிறிசேன, 2015 ஜனவரி 8 இல் வென்றார். வன்னித் தேர்தல் மாவட்டம் அவருக்குப் பெருவாரியாக வாக்களித்தது.

பதில்: மாங்குளம் ஆசிரியர்

உண்மைதான். ஆனால் அவர் கொண்டு போனது வாக்கை. அதை எண்ணும் பெட்டி அப்போது இங்கே இருந்தது. கடாபியிடமும் அசாத்திடமும் அப்படியொரு பெட்டி இருக்கவில்லை. கச்சேரி ஐயா சொன்னதை ஏற்கிறேன். கட்டமைப்பு உள்ளே உளுத்துப்போயிருந்தால் பெரிய பெயர் எதுவும் தேவைப்படாது.

கேள்வி கேட்டவர்: புதுக்குடியிருப்பு வாசகன்

அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயாவிடம் மட்டும் ஒரு சந்தேகம். ஏமனில் ஜெனரல் அலி மொஹ்சின் 2011 மார்ச் 21 அன்று முதலாவது கவசப் படைப்பிரிவையே தன்னோடு கொண்டுதானே போனார்? ஜனாதிபதி சாலே உடனே விழவில்லையே?

பதில்: மாங்குளம் ஆசிரியர்

நல்ல பிடி பிடித்தீர்கள். சனாவில் ஆர்ப்பாட்டக்காரர் ஐம்பது பேர் வரையில் சுட்டுக் கொல்லப்பட்ட மூன்றாம் நாள் அலி மொஹ்சின் மாறினார். ஆனால் குடியரசுக் காவற்படை சாலேயின் மகன் அஹ்மதின் கையில் இருந்தது. படை நடுவே பிளந்து, தலைநகர் இரண்டு பாதியாகி, எவராலும் எவரையும் வெல்ல முடியாத நிலை வந்தது. அதனாற்றான் நவம்பர் 23 இல் சவூதித் தலைநகர் ரியாத்தில் ஒப்பந்தம். பதவியைக் கையளித்தால் வழக்கில்லை என்ற உறுதியும் சாலேக்குக் கிடைத்தது. முள்ளியவளைத் தங்கச்சியின் கேள்வி அங்கேயும் எழும். ஆக, கொண்டு போகிற படை எவ்வளவு என்பதோடு, விட்டுப்போகிற படை எவ்வளவு என்பதையும் பார்க்கவேண்டும் என்று என் முதற்பதிலைத் திருத்தி வாசியுங்கள்.