பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

அனைவருக்கும் வணக்கம். இதுவரை குடும்பக் கார்களை மட்டுமே ஓட்டிப் பழகிய நான், முதன்முறையாக இரண்டே இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை, அதுவும் பழையதாக, வாங்க எண்ணியுள்ளேன். 1998 முதல் 2005 வரை தயாரான இரண்டாம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். குறைந்த எடையும் பின்சக்கர இயக்கமும் கையால் மடக்கும் துணிக்கூரையுமே என்னை ஈர்த்தன.

என் பெரிய கவலை துருதான். கூரையிலிருந்து வடியும் மழைநீரை வெளியேற்றும் துளைகள் குப்பையால் அடைபட்டால், நீர் தேங்கி, கதவுக்குக் கீழுள்ள பக்கச் சட்டங்கள் உள்ளிருந்தே துருப்பிடித்துவிடும் என்பதும், மேலே பூசிய புதுப் பெயிண்ட் அதை எளிதில் மறைத்துவிடும் என்பதும் தெரியும். ஆனால் முன்பக்க அடிச்சட்டத்தின் துருவை, வண்டியை லிஃப்டில் ஏற்றாமல் கண்டறிய வழி உண்டா?

சுமார் 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட்டை (இன்ஜின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடச் செய்யும் பட்டையை) மாற்றிவிட்டதாக உரிமையாளர் சொல்கிறார், ரசீது இல்லை. மாற்றவில்லை என்றே கொண்டு (எனக்கு அதுவே பாதுகாப்பாகப் படுகிறது), அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்பது முறையா? ஓட்டிப் பார்க்கும்போது, இன்ஜின் சூடாகும் முன் கியர் மாறும் விதத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும், இந்தக் காரை வைத்திருந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.