ட்ரான்ஸ்பிளான்ட் ஆனவர் வீட்டில் தடுப்பூசி: உங்கள் அனுபவம் என்ன?

வீட்டுக்காரருக்குக் கிட்னி மாற்றியதிலிருந்து ஊசி என்றாலே மாமியாருக்குக் கலக்கம். "எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிட்டா, வெச்ச கிட்னியையே உடம்பு ஒதுக்கிடாதா?" என்பார். டாக்டரிடமே கேட்டேன். ஃப்ளூ ஊசியால் ரிஜெக்‌ஷன் கூடியதாக ஆய்வுகளில் தெரியவில்லை, ஃப்ளூ வந்தால்தான் ஆபத்து என்றார். அந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை சாப்பிடுபவருக்கும் அது நோயைக் கொடுக்காது. வருஷாவருஷம் போடுகிறோம்; கை ஒரு நாள் வலிக்கும், அவ்வளவுதான். எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கான ஊசி), சிக்கன்பாக்ஸ், மூக்கில் அடிக்கும் ஃப்ளூ மருந்து மாதிரி உயிருள்ள கிருமி உள்ளவைதான் அவருக்கு ஆகாது.

டயாலிசிஸில் இருப்பவர்களே, ஹெபடைடிஸ் பி ஊசியை இப்போதே முடித்துவிடுங்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக 20 மைக்ரோகிராம், டயாலிசிஸ் நோயாளிக்கு 40. இவருக்கு சிஸ்டர் இரண்டு தோளிலும் பிரித்துப் போட்டார். பிறகு ரத்தத்தில் டைட்டர், அதாவது ஊசியால் உண்டான எதிர்ப்புப் பொருளின் அளவு, பார்த்தோம். அது 10 mIU/mL-க்குக் குறையக் கூடாது. ட்ரான்ஸ்பிளான்ட் மாத்திரைகள் ஆரம்பித்துவிட்டால் ஊசி சரியாகப் பிடிக்காது.

— — —

அக்கா, எங்கள் கதை வேறு. மகனுக்குத் தலசீமியா என்ற ரத்த நோய், எலும்பு மஜ்ஜை மாற்றினோம். கைக்குழந்தையில் போட்ட ஊசியெல்லாம் கணக்கிலிருந்து போய்விட்டது! ஆறு மாதம் கழித்து நிமோனியா ஊசியிலிருந்து புதிதாகத் தொடங்கினார்கள். எம்.எம்.ஆர். மட்டும் இரண்டு வருஷம் கழித்துத்தான், அதுவும் ஜி.வி.எச்.டி. (மாற்றிய மஜ்ஜையின் செல்கள் உடம்பையே தாக்குவது) இல்லாமல், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை எல்லாம் நின்றிருந்தால் மட்டுமே. அதுவரை தட்டம்மை பயம் என்னைத் தூங்கவிடவில்லை. அவன் தங்கைக்கு எம்.எம்.ஆர். போடலாமா என்று தயங்கினோம். தாராளமாகப் போடுங்கள், அவளிடமிருந்து அவனுக்கு ஒட்டாது, அவளுக்கு அம்மை வராமல் இருப்பதுதான் அவனுக்குக் காவல் என்றார் டாக்டர்.

— — —

போலியோ சொட்டு அப்படியில்லைங்க. அப்பா கிட்னி மாற்றியவர். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தேன். சொட்டு மருந்தில் உயிருள்ள வைரஸ், குழந்தையின் மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறும். கிராம சுகாதார நர்ஸிடம் விஷயத்தைச் சொன்னதும், சொட்டுக்குப் பதிலாகக் குழந்தை டாக்டரிடம் போலியோ ஊசியாகவே போட்டுக்கொள்ளச் சொல்லி, அட்டையிலும் குறித்துக் கொடுத்தார். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு கொடுத்தோம், அதிலும் உயிருள்ள வைரஸ்தான்; ஆனால் ஒரு மாதத்துக்கு அப்பா டயப்பர் பக்கமே வரவில்லை, நாங்கள் ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டுக் கை கழுவினோம். பேத்தியைத் தூக்கிக் கொஞ்சுவதற்கு மட்டும் டாக்டர் தடை சொல்லவில்லை.