துணைக்குக் காகமா, ஆட்டுக்குட்டியா?

கேள்வி: இரண்டு நிமிட 2டி அனிமேஷன் குறும்படம். நாயகி குடை ரிப்பேர் செய்யும் பாட்டி, வசனம் கிடையாது. துணைப் பாத்திரமாகக் காகத்தை வைக்கலாமா, ஆட்டுக்குட்டியையா? வரைய நான் ஒருவன்தான்.

பதில் 1: காகம். ஆட்டு நடையில் நான்கு கால்களுக்கும் எடை மாறுவதைக் கணக்கிட வேண்டும். ஒரு கால் பிசகினாலும் தரையில் வழுக்குவதுபோல் தெரியும். காகம் தத்திப் போனாலே போதும். நொடிக்கு 24 ஃபிரேமில் (திரையில் ஓடும் படச்சட்டம்), வரைந்த ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினாலும், காகம் 40 நொடி வந்தால் 480 படங்கள் வரைய வேண்டும். அதனால் இறகு இறகாக வரையாதீர்கள். சிறகு நுனியில் மூன்று பிளவு போதும்.

பதில் 2: முதலில், காகத்தை எடுத்துவிட்டாலும் கதை நகருமா என்று பாருங்கள். நகர்ந்தால் அது வெறும் அலங்காரம். பாட்டி தேடும் கம்பியை அதுவே கொண்டுவரட்டும். பாட்டி உருண்டை வடிவம் என்றால் காகம் முக்கோணமாக இருக்கட்டும். இருவரையும் முழுக்கக் கறுப்பாக நிரப்பி, கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கினாலும் அடையாளம் தெரியவேண்டும்.

கேட்டவர்: கறுப்புக் குடைமேல் உட்கார்ந்தால் காகம் மறைந்துவிடுகிறதே?

பதில் 1: தூய கறுப்பை விட்டுக் கருநீலம் போடுங்கள். ஊர்க்காக்கையின் சாம்பல் கழுத்தே தலையையும் உடலையும் பிரித்துக்காட்டும். அப்படியும் மறைந்தால் குடையை மாற்றுங்கள்: வெளுத்த பழுப்பு.