ஆல்டடீனா தீ: நீங்கள் கண்டதையும் செய்ததையும் எழுதுங்கள்

பசடீனாக்காரன்:

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஆல்டடீனாவை ஈட்டன் தீ எரித்த 2025 ஜனவரி 7 கடந்து ஏழு மாதம் ஆகிறது. தெற்குக் கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் ஆளுக்கொரு கதை வைத்திருப்பீர்கள். வீட்டை இழந்தவர்கள், இழந்தவர்களுக்குக் கை கொடுத்தவர்கள், கொடுக்கப் போய்ச் சொதப்பியவர்கள், எல்லாரும் எழுதுங்கள். நான் மூன்றாவது வகை. அதனால் நானே தொடங்குகிறேன்.

அன்று காலையிலிருந்தே காற்று பேயாக அடித்தது. பாலைவனத்திலிருந்து மலையைத் தாண்டிக் கடலை நோக்கி இறங்குகிற சாண்டா ஆனா காற்று இங்கே புதிதல்ல. ஆனால் அன்றைய வேகம் வேறு. மலை உச்சிகளில் மணிக்கு 160 கிலோமீட்டர் வரை போனது. முந்தைய ஆண்டு மே மாதத்திலிருந்து சொல்லிக்கொள்ளும்படி ஒரு மழை இல்லை. பாலிசேட்ஸ் காலை பத்தரையிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. அது எங்கோ கடற்கரைப் பக்கம் என்று நாங்கள் டிவியில் பார்த்து உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தோம். மாலை ஆறரை வாக்கில், குப்பைத்தொட்டி உருண்டு ஓடும் சத்தம் கேட்டு வெளியே போன மனைவி கூப்பிட்டாள். வடக்கே ஈட்டன் கேன்யன் இருக்கும் திசையில் மலைமேல் ஒரு சிவப்புக் கோடு. போனில் படம் பிடித்தேன். இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது.

எட்டரைக்குக் கிளம்பிவிட்டோம். பாஸ்போர்ட் எடுத்தேன், லேப்டாப் எடுத்தேன், ஏனென்று தெரியாமல் ஒரு கட்டு பழைய மின்கட்டண ரசீதுகளையும் எடுத்தேன். எங்கள் வீடு தப்பியது. ரசீதுகளும் தப்பின.

என் மகளுக்கு நான்கு வருடமாகப் பியானோ சொல்லிக்கொடுத்தவர் ஆல்டடீனாவில் லேக் அவென்யூவுக்கு மேற்கே இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, கறுப்பினத்தவர். மற்ற இடங்களில் கறுப்பர்களுக்கு வீடு விற்க மறுத்த காலத்தில், அவருடைய பெற்றோர் வாங்கிய வீடு அது. அந்தப் பகுதியில் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. இரவு பதினொரு மணிக்கு அவருக்குப் போன் செய்தேன். “எங்களுக்கு இன்னும் எந்த உத்தரவும் வரவில்லையே” என்றார். நானும் சரி என்று வைத்துவிட்டேன். அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மேற்குப் பகுதிக்கு வெளியேற்ற உத்தரவு வந்தபோது அதிகாலை மூன்றரை ஆகப்போகிறது. ஈட்டன் தீயில் இறந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே லேக் அவென்யூவுக்கு மேற்கே இருந்தவர்கள். இவரை இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பையன் கதவைத் தட்டி எழுப்பிக் காரில் ஏற்றிப் போயிருக்கிறான்.

வீடு போய்விட்டது. நான் செய்தது என்ன தெரியுமா? “எது வேண்டுமானாலும் தயங்காமல் கேளுங்கள்” என்று செய்தி அனுப்பினேன். அவர் ஓர் இதயக்குறி போட்டார். இரண்டு வாரத்தில் இதையே ஆறு தடவை அனுப்பினேன், ஆறு இதயக்குறி வந்தது. தங்க ஓர் அறை தேடிக்கொண்டு, வரிசையில் நின்று படிவம் நிரப்பிக்கொண்டிருப்பவரிடம், உனக்கு என்ன வேண்டும் என்று யோசித்துச் சொல் என இன்னொரு வேலையையும் கொடுத்திருக்கிறேன். என் மகள்தான் ஒருநாள், “செவ்வாய்க்கிழமைதானே நம்ம கிளாஸ், போகலாமா?” என்று கேட்டாள். போனோம். அவர் ஒரு சின்ன வாடகை அபார்ட்மெண்டில், மடக்கு மேசையில், வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்சூரன்ஸ் பட்டியல்.

2025இல் இருந்த கலிஃபோர்னியாச் சட்டப்படி இப்படிப் பேரிடரில் வீடு முழுக்க எரிந்தால், வீட்டுக்கான காப்பீட்டுத் தொகையில் 30 சதவீதத்தை, அதிகபட்சம் 2,50,000 டாலர் வரை, பொருள் பட்டியல் கேட்காமலே கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது. என்ன பொருள், எத்தனை, எப்போது வாங்கியது, இன்று வாங்கினால் என்ன விலை. ஒவ்வோர் அறையாக, ஒவ்வொரு இழுப்பறையாக, நினைவிலிருந்து. எழுபது வருடம் ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டுக்கு எத்தனை கரண்டி என்று எழுதுவது?

அப்போதுதான் மகளின் பழைய வீடியோக்கள் ஞாபகம் வந்தன. அவள் வாசிப்பதை நான்கு வருடமாகப் படம் பிடித்திருந்தேன். எல்லாம் அவருடைய கூடத்தில். பின்னால் அலமாரி, விளக்கு, திரைச்சீலை, சுவரில் மாட்டிய படங்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுத ஆரம்பித்தோம். இப்போதும் ஒவ்வொரு செவ்வாயும் போகிறோம். மீதியை அப்புறம் எழுதுகிறேன், மற்றவர்கள் சொல்லுங்கள்.

அர்க்கேடியா:

நான் துணி பிரித்தவன். சாண்டா அனிட்டா குதிரைப் பந்தய மைதானத்தின் வாகன நிறுத்துமிடத்தில் நன்கொடை மலைபோலக் குவிந்தது நினைவிருக்கும். முதல் நாள் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது, இவ்வளவு நல்ல மனமா என்று. மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்தது. ஒற்றைச் செருப்பு. ஜிப் அறுந்த சூட்கேஸ். கறை படிந்த தலையணை. ஜிகினா வைத்த விருந்து கவுன் ஒன்று வந்தது. அதைத் தூக்கிப் பிடித்தபோது எங்கள் மேசையில் இருந்த எல்லாரும் சிரித்துவிட்டோம். பாவம், யாரோ ஆசையாகத்தான் போட்டிருப்பார்கள்.

வந்தவர்கள் தேடியது வேறு. புதிய உள்ளாடை, சாக்ஸ், மூக்குக்கண்ணாடி, போன் சார்ஜர், மாத்திரைகளைப் போட்டு வைக்க ஒரு டப்பா. ஒரு பெரியவர் கைத்தடி கேட்டார், அது மட்டும் இல்லை. என் கணக்கில் ஒரு சாக்குத் துணியைவிட இருபது டாலர் பரிசு அட்டை மேல். அதை வாங்கிக்கொண்டவர் கடைக்குப் போய், தனக்குப் பிடித்த நிறத்தில், தன் அளவில், தானே ஒரு சட்டை எடுக்கிறார். எல்லாம் போன பிறகு தானாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த முகங்களைப் பார்த்தால்தான் புரியும்.

வேலி (Valley) ஆள்:

எங்கள் பக்கம் எதுவும் எரியவில்லை. ஆனால் ஜனவரி 9 சாயங்காலம் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே! யாருக்கோ போக வேண்டிய வெளியேற்ற எச்சரிக்கை கவுண்டி முழுக்க, கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேருக்குப் போய்விட்டது. நான் மாமியாரையும் பூனையையும் காரில் ஏற்றி முடித்த பிறகு, அது தவறு என்று அடுத்த செய்தி. அதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சத்தத்தை நம்புவதில்லை. காட்டுத்தீ நிலவரம் காட்டும் வாட்ச் டியூட்டி செயலியைத்தான் பார்க்கிறோம். அடுத்த முறை உண்மையாகவே வந்தால் என்ன செய்வோம் என்று யோசித்தால் பயமாக இருக்கிறது.

சிக்கோ அக்கா:

நான் வடக்கே இருப்பவள், உங்கள் தீ இல்லை, எங்கள் தீ 2018. பாரடைஸ். நவம்பர் 8 காலை ஆறரைக்குப் பிடித்தது, மதியத்துக்குள் சுமார் 26,000 பேர் வாழ்ந்த ஊரில் பெரும்பகுதி இல்லை. 85 பேர் இறந்தார்கள், 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. மலையிலிருந்து இறங்கி எங்கள் சிக்கோவுக்குத்தான் வந்தார்கள். வால்மார்ட் வாசலில் கார் நிறுத்துமிடமே கூடார ஊராகிவிட்டது.

எங்கள் வீட்டில் ஒரு தாயும் பத்து வயது மகனும் ஐந்து மாதம் இருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள். முதல் வாரம் நானும் ஆர்வத்தில் கேட்டுவிட்டேன், எப்படித் தப்பித்தீர்கள் என்று. அவர் சொன்னார், பதினைந்து நிமிடம் சொன்னார். அடுத்த நாள் என் கணவரின் நண்பர் வந்தபோது மறுபடி சொன்னார். மூன்றாவது ஆள் கேட்டபோது எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, அதைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம் என்று சொல்லித்தான் உள்ளே விட்டேன். அவராகப் பேசினால் கேட்கலாம். கதை கேட்பதற்காக வருகிறவர்கள்தான் நிறைய. காப்பீடு இருந்ததா, இல்லையா என்று விசாரிப்பவர்கள் அதைவிட மோசம்.

அவர் காரை எப்போதும் சாலையைப் பார்த்தே நிறுத்துவார். பெட்ரோல் பாதிக்குக் கீழே போக விடமாட்டார். ரொட்டி கருகினால் அந்தப் பையன் வெளியே ஓடிவிடுவான், நாங்கள் டோஸ்டரை எடுத்துப் பரணில் போட்டோம். இதெல்லாம் யாரும் கேட்டுச் செய்ததில்லை, கூட இருந்தால் தெரிந்துவிடும்.

நான் கண்ட உதவிகளிலேயே கெட்டிக்கார உதவி ஒரு கிழவர் செய்தது. வங்கியில் காகிதச் சுருள் சுருளாக இருபத்தைந்து சென்ட் நாணயங்களை வாங்கி வந்து, கூடாரம் கூடாரமாகக் கொடுத்தார். துணி துவைக்கும் கடையின் மெஷின் அதைத்தானே கேட்கும்! லட்சக்கணக்கில் பணம் திரட்டினவர்களுக்கு வராத யோசனை.

பசடீனாத் தம்பி, அந்த “எது வேண்டுமானாலும் கேளுங்கள்” எல்லாரும் செய்கிற தப்புதான், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று. பேரிடர் உதவி தரும் மத்திய அரசு அமைப்பான ஃபீமாவிடமிருந்து தகுதி இல்லை என்று கடிதம் வந்தால் ஆசிரியை அதோடு விட்டுவிட வேண்டாம். பல நேரம் அதற்குப் பொருள், இன்சூரன்ஸ் முடிவுக் கடிதமோ வேறொரு தாளோ குறைகிறது என்பதுதான். மேல்முறையீட்டுக்கு 60 நாள் உண்டு. எங்கள் வீட்டில் இருந்தவர் முதல் கடிதத்தைக் கிழித்தே போட்டுவிட்டார், நான் குப்பையிலிருந்து எடுத்து ஒட்டினேன்.

லேக் கிழக்கு:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். என் கதையில் வீடு நிற்கிறது.

நாங்கள் ஆல்டடீனாவில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் வரிசையில் நான்கு வீடு மிச்சம், எதிர் வரிசையில் ஒன்றுமே இல்லை. மரங்கள் பச்சையாக நிற்கின்றன, நடுவில் இருந்த வீடு மட்டும் இல்லை. தீச்சுவர் வந்து விழுங்கியதாக எல்லாரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காற்றில் பறந்து வந்த கங்குதான், பரண் காற்றோட்டத் துவாரம் வழியாக உள்ளே போய் வீட்டை உள்ளிருந்து எரிக்கிறது. அப்புறம் ஒரு வீடு அடுத்த வீட்டைப் பற்றவைக்கிறது.

தப்பித்த வீடு என்றால் திரும்பிப் போய் விளக்கைப் போட்டு உட்காரலாம் என்று நினைக்கிறீர்களா? ஜன்னல் மூடியிருந்தும் உள்ளே எல்லாவற்றின் மேலும் சாம்பல். அது விறகுச் சாம்பல் இல்லை. பழைய வீடுகளின் பெயின்டில் இருந்த ஈயம், ஆஸ்பெஸ்டாஸ், கார் பேட்டரி, டிவி, எல்லாம் எரிந்த சாம்பல். துடைத்துவிட்டுக் குடிவரலாம் என்றார் வீட்டுக்காரர். குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தவே கூடாது என்று அறிவிப்பு வேறு. சிக்கோ அக்காவுக்குத் தெரிந்திருக்கும், பாரடைஸிலும் தண்ணீரில் பென்சீன் கலந்ததே. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று என் அம்மா போனில் சொன்னார். கொதிக்க வைத்தால் அது ஆவியாகி நம் மூக்குக்குள்தான் வரும்.

யாரிடம் சொன்னாலும், “வீடு தப்பியதே, அதிர்ஷ்டசாலி” என்பார்கள். நானும் தலையாட்டிவிடுவேன். எதிர் வரிசைக்காரர்களுக்கு முன்னால் புலம்ப வாய் வருமா?

பிப்ரவரியில் ஒரு நாள் என்95 மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு துணிமணி எடுக்கப் போயிருந்தேன். எதிர் வீட்டு அம்மா வந்தார். உங்கள் வாசல் திண்ணையில் கொஞ்சம் உட்காரலாமா என்று கேட்டார். அங்கிருந்து பார்த்தால் அவர் மனை முழுசாகத் தெரியும். உட்கார்ந்தார். மண் பாத்திரங்கள் மட்டும் முழுசாகக் கிடைத்தன என்று ஒரு குவளையைக் காட்டினார். சூளையில் ஏற்கெனவே வெந்தது, அதனால் இந்தத் தீ அதற்கு ஒன்றுமில்லை. அவருடைய காரின் அலுமினியச் சக்கரம் உருகி ஓடி நடைபாதையில் வெள்ளி ஓடையாக உறைந்திருந்தது. ஒரு மணி நேரம் இருந்திருப்போம், பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். போகும்போது, “உன் வீடு நிற்பது எனக்குச் சந்தோஷம், நான் எங்கே இருந்தேன் என்று அதை வைத்துத்தான் அடையாளம் தெரிகிறது” என்றார்.

நாங்கள் இன்னும் அங்கே திரும்பிப் போகவில்லை. வேறு இடம் தேடினால் வாடகையைக் கண்டபடி ஏற்றிச் சொல்கிறார்கள். அவசரநிலை அறிவித்த பிறகு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவது இங்கே குற்றம். மூன்று விளம்பரங்களைப் படம் எடுத்துப் புகார் கொடுத்தேன். வாடகைக்கு அலைகிறவர்களுக்கு உதவ நினைப்பவர்கள் இதைச் செய்யலாம், வீட்டிலிருந்தே முடியும்.

பசடீனாக்காரன்:

லேக் கிழக்கு, நல்லவேளை எழுதினீர்கள். உங்களைப் போன்றவர்களிடம் நானும் அதே “அதிர்ஷ்டம்” வசனத்தைச் சொல்லியிருக்கிறேன். சிக்கோ அக்கா, கடிதம் பற்றி விசாரித்தேன். வந்திருக்கிறது, மேசை இழுப்பறையில் போட்டு மூடி வைத்திருக்கிறார். பழைய தேதிதான். ஆனாலும் அடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டு இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போகிறோம்.

பட்டியல் விஷயம். கூடம் முடிந்தது, சமையலறை முடிந்தது. அவருடைய மனையில் இடிபாடுகளை அள்ளி, மேல்மண்ணையும் ஆறு அங்குலம் வழித்து எடுத்துவிட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் அன்று ஒன்றும் எழுதவில்லை, மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ கொடுத்த மின்சாரக் கீபோர்டு, இரண்டு கட்டை வேலை செய்யாது.

போன செவ்வாய் கடைசி வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுத இனி ஒன்றும் இல்லை என்று நான் மூடப் போனேன். மகள் என் கையைப் பிடித்தாள். “அந்தச் சத்தம் கேட்கலையா?” டக், டக், டக். தாளம் தட்டும் கருவி, படத்தில் எங்கேயும் இல்லை. பியானோ மேலே, கேமராவுக்கு வெளியே இருந்திருக்கிறது. ஆசிரியை பேனாவை எடுத்தார். மெட்ரோனோம், மரம், ஒன்று. எப்போது வாங்கியது என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்தார். அப்புறம், நான் பிறப்பதற்கு முன் என்று எழுதினார். அந்தக் கட்டத்தில் வருடம்தான் எழுத வேண்டும், நான் திருத்தச் சொல்லவில்லை.